மேலெழுதப்பட்ட ஏடு

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் பேரிகைக்குச் செல்லும் சாலையில் வைகறைப் பொழுதில் பயணம் செய்வோர் இரு வேறு உலகங்களை ஒருங்கே காண்பர். சாலையின் இருமருங்கும் தக்காளியும் குடைமிளகாயும் ரோசாவும் விளையும் தோட்டங்கள். சாலையின் நடுவே, உறக்கம் கலையாத முகங்களோடு தொழிற்கூடங்களை நோக்கி விரையும் மனிதர்கள். 1980ஆம் ஆண்டை ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகார ஆலையும் ஓசூரில் இயங்கத் தொடங்கியபின், அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் தோன்றின. அவை கர்நாடக எல்லைவரை பரவி நிற்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் இவ்வட்டாரத்தில் இன்று இந்தியும் ஒடியாவும் சேர்ந்து ஒலிக்கின்றன. பேரிகை என்னும் சொல்லுக்குப் பெருமுரசு என்று பொருள். ஆனால் நாம் இங்கே பேச எண்ணுவது முரசறைந்து அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சியை அன்று. ஓசையின்றி, ஒரு விரல் அழுத்தத்தில் நடந்துவிட்ட ஒன்றை.

நமக்கு அறிமுகமான குடும்பத்துப் பெண் ஒருத்தி, வாகன உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றில் கணக்கு எழுதி வருகிறாள். முப்பத்தெட்டுத் தொழிலாளர்கள். அவர்களுடைய வருகையும், ‘ஓ.டி.’ என்று அவர்கள் அழைக்கும் மிகைநேர வேலையும் நாள்தோறும் கணினியில் ஒரே எக்செல் கோப்பில் பதிவாகும். கூலி வழங்கும் நாளுக்கு முந்திய மாலை. முந்தைய மாதத்தின் கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள், அதை மூடும்போது தவறுதலாக இந்த மாதத்தின் பெயரிலேயே சேமித்துவிட்டாள். ‘இப்பெயரில் கோப்பு ஒன்று ஏற்கெனவே உள்ளது, அதை மாற்றவா?’ என்று கணினி கேட்டிருக்கிறது. நாள் முழுதும் நூறு கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று அழுத்திப் பழகிய விரல், நூற்றொன்றாவது கேள்விக்கும் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டது. முப்பது நாள்களின் உழைப்பு, முப்பத்தெட்டு வரிசைகளாக நின்ற கணக்கு, கண்முன்னே மறைந்தது. அவ்விடத்தில் முந்தைய மாதத்தின் எண்கள் ஒழுங்காக, அழகாக, ஒன்றும் நடவாதது போல் நின்றன.

அன்றிரவு தன் தந்தையோடு நம் வீட்டு வாயிலில் வந்து நின்றவள் கேட்ட முதற்கேள்வி கணினியைப் பற்றியது அன்று. “ஐயா, எல்லாருக்கும் சராசரியாக ஒரு கணக்குப் போட்டு நிரப்பிவிடலாமா? யாருக்கும் தெரியாது” என்றாள். அவள் விழிகளில் வஞ்சகம் இல்லை, அச்சமே இருந்தது. அந்த வினா அன்றிரவு நம் உறக்கத்தைக் கலைத்தது. இக்கட்டுரை அதற்கு நாம் தேடிய விடை.

முதலில், கணினிக்குள் நடந்தது என்ன என்பதைத் தெளிந்துகொள்வோம். ஒரு கோப்பை அழிப்பது வேறு. அதன்மேல் எழுதுவது வேறு. நூலகம் ஒன்றில் ஒரு நூலின் அட்டவணைச் சீட்டை மட்டும் கிழித்துவிட்டால், நூல் அலமாரியில்தான் இருக்கும். தேடத் தெரிந்தவர் கண்டெடுக்கலாம். கோப்பை அழிப்பது பெரும்பாலும் இத்தகையது. ஆனால் அந்நூலின் பக்கங்களைச் சுரண்டிவிட்டு அதே தாளில் வேறொன்றை எழுதினால், பழையதைப் படிப்பது அரிது. இதுவே மேலெழுதுதல். எக்செல் போன்ற செயலிகள் கோப்பைச் சேமிக்கும்போது, பொதுவாகப் புதிய வடிவத்தை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பாக வேறிடத்தில் எழுதி, பின் பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. ஆகவே பழைய எழுத்துகள் வட்டின் ஏதோ ஒரு மூலையில், பெயரிழந்த நிலையில், சிறிது காலம் எஞ்சியிருக்கக்கூடும். அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரைதான் அந்த வாய்ப்பு. இன்றைய திண்மநிலை வட்டுகளிலோ, நீக்கப்பட்ட இடம் விரைவிலேயே துடைக்கப்பட்டுவிடுவதால் அவ்வாய்ப்பும் குறுகியது.

எனவே இத்துறை வல்லுநர்கள் சொல்லும் முதல் விதி ஒன்றே: நிறுத்துங்கள். அந்தக் கணினியில் மேலும் எதையும் எழுதாதீர்கள். பதற்றத்தில் நாம் செய்யும் ஒவ்வொரு திருத்தமும், மீட்பதற்காக இறக்கும் செயலியுமே கூட, எஞ்சியிருப்பதன்மேல் விழும் மண்ணாகிவிடலாம். இரண்டாவது விதி: படிகளைத் தேடுங்கள். கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்து, இன்னும் மூடாதிருந்தால், செய்ததை ஒவ்வொன்றாகப் பின்வாங்கிப் பழைய நிலையை அடையலாம். இணையச் சேமிப்பில் இருந்தால் முந்தைய வடிவங்கள் வரிசையாக இருக்கும். கணினியில் முந்தைய வடிவங்களைக் காக்கும் அமைப்பு முன்கூட்டியே இயக்கப்பட்டிருந்தால், நேற்றைய ஏட்டை அது தரக்கூடும். மின்னஞ்சலில் யாருக்கேனும் அனுப்பியிருக்கலாம். அச்சிட்ட தாள் ஒன்று மேசை அறையில் கிடக்கலாம். இவை எதுவும் மந்திரம் அன்று. முன்னரே காத்து வைத்தவருக்கே பின்னர் கிட்டும்.

இந்த முதல் விதி கணினிக்கு மட்டும் உரியதா என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். ஒருவரைச் சொல்லால் புண்படுத்தியபின், அதை மூடி மறைக்க நாம் அடுக்கும் விளக்கங்கள் எத்தனை! ஒவ்வொரு விளக்கமும், மன்னிப்புக் கேட்பதற்கு இருந்த சிறு இடத்தின்மேலும் எழுதிவிடுகிறது. தவறு நேர்ந்தவுடன் கையை எடுத்துவிடுவது, மேலும் எழுதாதிருப்பது, கோழைத்தனம் போலத் தோன்றும். மெய்யில் மீட்பின் தொடக்கம் அதுவே.

விரிதாள் பிறந்த கதையை இங்கு நினைவுகூர்தல் தகும். 1978இல் அமெரிக்காவின் ஆர்வர்டு வணிகக் கல்லூரியில் மாணவராயிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய கணக்கு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண் பிழையானால், அதைச் சார்ந்த எண்களையெல்லாம் ஆசிரியர் அழித்து அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. இந்தத் துன்பத்தைப் போக்கும் மின்பலகை ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவாக, அவரும் பாப் பிராங்ஸ்டனும் 1979இல் ‘விசிகால்க்’ என்னும் செயலியை வெளியிட்டனர். எக்செல் அதன் வழித்தோன்றல். ஆக, விரிதாள் என்பதே அழித்தெழுதுவதை எளிதாக்கப் பிறந்த கருவி. அதன் சிறப்பும் அதுவே. அதன் ஆபத்தும் அதுவே. கரும்பலகையில் அழித்த இடத்தில் சுண்ணத்தின் மங்கலான தடம் இருக்கும். தாளில் அடித்தெழுதினால் அடித்த கோடு இருக்கும். திரையிலோ தழும்பே இல்லை. பொய்யும் மெய்யும் அங்கே ஒரே எழுத்துருவில், ஒரே தூய்மையோடு நிற்கின்றன.

இனி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். சராசரி போட்டு நிரப்புவதில் என்ன தவறு? அவளுக்காக வாதாட முயல்வோம். முதலாளிக்கு ஏறக்குறைய அதே தொகைதான் செலவாகும். தொழிலாளருக்குக் குறித்த நாளில் கூலி கிடைக்கும். ஒரு ஏழைப் பெண்ணின் வேலை தப்பும். யாருக்கும் பெருந்தீங்கு இல்லை. இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நம்மில் எத்தனை பேர் இதைவிடச் சிறிய காரணத்துக்காக இதைவிடப் பெரிய எண்களை எழுதியிருப்போம்!

ஆயினும் இவ்வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. பதிவேட்டில் உள்ள எண் வெறும் எண் அன்று. அது ஒரு சாட்சியம். ‘பதினான்காம் நாள் இவர் மூன்று மணி நேரம் கூடுதலாக உழைத்தார், அது பார்க்கப்பட்டது, எழுதப்பட்டது’ என்று அது சொல்கிறது. அந்த இடத்தில் நாம் ஊகித்த எண்ணை வைத்தால், காணாததைக் கண்டதாகச் சாட்சி சொல்கிறோம். எண் தற்செயலாகச் சரியாக இருந்தாலும் சாட்சியம் பொய்யே. புனித அகுஸ்தீனார் பொய்மையைப் பற்றித் தனி நூலே எழுதியவர். பொய்யின் இயல்பை அவர் சொல்லின் உண்மையின்மையில் தேடவில்லை. உள்ளத்தில் ஒன்றும் உரையில் ஒன்றுமாகக் கொண்டு பிறரை மயக்க எண்ணுவதில் தேடினார். சராசரிக் கணக்கு முப்பத்தெட்டு பேரை மயக்குகிறது. அதனினும் கொடிது ஒன்று உண்டு: ஐயம் எழுப்பும் உரிமையை அவர்களிடமிருந்து அது பறித்துவிடுகிறது. ‘கணக்கு தொலைந்துவிட்டது’ என்று சொன்னால், தொழிலாளி, ‘நான் அன்று இரவு பத்து மணிவரை இருந்தேன்’ என்று எடுத்துச் சொல்லலாம். தொலையவே இல்லை என்று காட்டினால் அவன் எதைக் கேட்பான்? முதல் மேலெழுத்து கை தவறி நேர்ந்தது. அது உழைப்பின் கணக்கை அழித்தது. இரண்டாவது மேலெழுத்து மனமறிந்து செய்வது. அது இழப்பையே அழித்துவிடுகிறது. முதலாவதற்கு மன்னிப்பு உண்டு என்று எவரும் சொல்வர். இரண்டாவதில்தான் குற்றம் பிறக்கிறது.

மேலும், சராசரி என்பது யாரையும் பாதிக்காத நடுநிலை அன்று. அதிகம் உழைத்தவனிடமிருந்து எடுத்துக் குறைவாக உழைத்தவனுக்குக் கொடுப்பதே சராசரி. மிகைநேர வேலைக்கு இருமடங்கு கூலி என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த முறை. அவ்வாறாயின் ஒரு மணி நேரம் விடுபட்டாலும் இரண்டு மணி நேரக் கூலி விடுபடுகிறது. தொழிலாளருக்குரிய கூலியை மறுப்பது பெரும் பாவம் என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் கண்டித்துரைத்தார். அவர் மனத்தில் இருந்தவர்கள் பேராசை பிடித்த முதலாளிகள். ஆனால் கூலியை இழப்பவனுக்கு, அது பேராசையால் போனதா, ஒரு பெண்ணின் அச்சத்தால் போனதா என்ற வேறுபாடு வீட்டு அடுப்பில் தெரியாது.

தமிழ் நமக்குத் தந்துள்ள சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. உ. வே. சாமிநாத ஐயர் பழஞ்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, ஒரு நூலுக்குப் பல படிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர். 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிட்டவில்லை. அவர் பெரும்புலவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், செய்யுள் இயற்ற வல்லவர். விட்டுப்போன சில அடிகளைப் பழைய நடையில் இட்டு நிரப்புவது அவருக்கு அரிதாக இருந்திராது. அவர் அதைச் செய்யவில்லை. கிடைக்காததைக் கிடைக்காததாகவே விட்டார். அவ்வெற்றிடங்கள் இன்றும் நமக்கு உண்மை பேசுகின்றன. அவை வெற்றிடங்களாக நிற்பதனால்தான் அவற்றைச் சுற்றியுள்ள அடிகளை நாம் நம்புகிறோம். மீட்டெடுத்தல் என்பது ஒன்று; மீண்டும் ஆக்குதல் என்பது மற்றொன்று. இரண்டாவதும் தேவையாகலாம், ஆனால் அது முதலாவதன் உடையை அணிந்து வரலாகாது.

திருச்சபையின் வரலாற்றிலும் மேலெழுத்துகள் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட கிரேக்க விவிலியம் ஒன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சுரண்டப்பட்டு, அதன்மேல் புனித எஃபிரேமின் உரைகள் எழுதப்பட்டன. இன்று அது பாரிசு தேசிய நூலகத்தில் உள்ளது. 1840களின் தொடக்கத்தில் செருமானிய அறிஞர் திசெண்டோர்ஃப், கண்கள் வருந்த உழைத்து, அடியில் மறைந்த விவிலிய எழுத்துகளைப் படித்து வெளியிட்டார். ஆர்க்கிமிடீசின் கணித நூல்களைத் தாங்கிய தோலேடு ஒன்றும் 13ஆம் நூற்றாண்டில் அவ்வாறே சுரண்டப்பட்டு இறைவேண்டல் நூலாயிற்று. 1906இல் தென்மார்க்கு நாட்டு அறிஞர் ஐபர்க் அதன் அடியெழுத்தைக் கண்டறிந்தார். பின்னர் 1998இல் ஏலத்தில் விற்கப்பட்ட அவ்வேட்டை ஊடுகதிர் முதலிய கருவிகள் கொண்டு பல ஆண்டுகள் ஆய்ந்து படித்தனர்.

இந்நிகழ்ச்சிகளில் நம்மைச் சிந்திக்க வைப்பது மீட்பின் திறமை மட்டுமன்று. சுரண்டிய கைகள் தீய கைகள் அல்ல. தோல் அரிதாயிருந்த காலத்தில், ஒரு புனிதரின் உரையைக் காக்க எண்ணியே ஒருவர் விவிலியத்தைச் சுரண்டினார். இறைவேண்டலுக்காகவே ஒருவர் கணிதத்தைச் சுரண்டினார். நன்மையின் பொருட்டே நன்மை அழிந்தது. உலகில் நேரும் இழப்புகளில் பெரும்பகுதி இத்தகையதே. பகைவன் வந்து அழிப்பது அரிது. வேலையில் மூழ்கிய நல்லவர் அழிப்பதே மிகுதி. ஆகவே ‘நான் நல்லெண்ணத்தோடுதான் செய்தேன்’ என்னும் சொல் நம் மனச்சான்றுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் கையின்கீழ் ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் கடமையிலிருந்து நம்மை அது விடுவிப்பதில்லை.

நம் காலத்திலும் சான்று உண்டு. 1969 சூலை 20ஆம் நாள் மனிதன் நிலவில் இறங்கியபோது, அங்கிருந்து வந்த மூலச் சைகைகள் காந்த நாடாக்களில் பதிவு செய்யப்பட்டன. பின்னாளில் அவற்றைத் தேடியபோது காணவில்லை. நாடாக்களுக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில் அவை துடைக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவை 2009இல் நாசா நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. உலகமே கண்ட நிகழ்ச்சியின் மூலப்பதிவை இழந்தோம் என்று சொல்வது எளிதன்று. ஆனால் அவ்வாறு சொன்னபின்தான், தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த ஒளிபரப்புப் படிகளைத் திரட்டிச் செம்மைப்படுத்தும் பணி பொருளுடையதாயிற்று. அவை மூலம் அல்ல, படிகள். அப்படியே சொல்லி அவற்றை மக்களுக்கு அளித்தனர்.

நம் வட்டாரத்து உழவர்க்கு இவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1980களில் தமிழகமெங்கும் நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. மக்கள் அதை ‘யூ.டி.ஆர்.’ என்றே அறிவர். அப்போது பெயர் மாறிப் பதிவான நிலங்களுக்காக இன்றும் அலுவலகப் படியேறுவோர் உண்டு. அவர்களுக்குத் துணை நிற்பது எது? புதிய ஏட்டுக்கு முந்திய பழைய பதிவேடு. புதிது வந்ததும் பழையதை எரித்திருந்தால், பாட்டன் உழுத நிலத்துக்குப் பேரன் எதைக் காட்டுவான்?

இத்தகைய அனுபவத்திலிருந்துதான் பதிவேடுகளின் அறம் உருவாயிற்று. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், திருமணங்களைக் குறித்து வைக்கும் ஏட்டைப் பங்குக்குரு பேண வேண்டும் என்றும், திருமுழுக்கில் ஞானப்பெற்றோர் பெயரை எழுத வேண்டும் என்றும் பணித்தது. நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்த்தவர் அறிவர்: ஒருவர் பின்னாளில் உறுதிப்பூசுதல் பெறும்போதும், மணம் முடிக்கும்போதும், குருப்பட்டம் பெறும்போதும், பழைய வரி அழிக்கப்படுவதில்லை; அதன் ஓரத்தில் புதிய குறிப்பு சேர்க்கப்படுகிறது. வாழ்வு மாறுகிறது, தொடக்கம் அப்படியே நிற்கிறது. வணிகக் கணக்கிலும் இதுவே மரபு. 1494இல் வெனிசு நகரில் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கிய லூக்கா பச்சியோலி ஒரு பிரான்சிசுகன் சபைத் துறவி. பிழையான பதிவை அழிக்காது, அதற்கு எதிர்ப்பதிவு எழுதித் திருத்தும் முறையை அவர் கற்பித்தார். நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல், நிறுமங்கள் பயன்படுத்தும் கணக்குச் செயலிகள் ஒவ்வொரு மாற்றத்தின் தடத்தையும் காக்க வேண்டும், அத்தடத்தை நிறுத்தி வைக்க இயலாதிருக்க வேண்டும் என்று விதி நடைமுறைக்கு வந்தது. துறவி மையால் கற்பித்ததை, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் சட்டம் கணினிக்குக் கற்பிக்கிறது.

இங்கே ஒரு தடை எழலாம். ‘எல்லாவற்றையும் காத்துக்கொண்டே இருப்பதா அறம்? மன்னிப்பு என்பதே அழித்துவிடுவது அன்றோ? நம் குற்றங்களை இறைவன் துடைத்துவிடுகிறார் என்று விவிலியம் சொல்லவில்லையா?’ நல்ல கேள்வி. அழித்தல் எப்போதும் தீது என்று நாம் சொல்லவில்லை. ஒருவன் இளமையில் செய்த பிழையை அவன் முதுமைவரை ஏட்டில் வைத்துக் காட்டிக்கொண்டிருப்பது கொடுமை. ஆனால் அழிப்பவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். கடன்பத்திரத்தைக் கிழிக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. அவர் கிழித்தால் அது இரக்கம். கடன்பட்டவன் கிழித்தால் அது திருட்டு. லூக்கா நற்செய்தியில் வரும் வீட்டுப் பொறுப்பாளர், கடனாளிகளை அழைத்து அவர்கள் பத்திரத்தில் நூறை ஐம்பதாகவும், நூறை எண்பதாகவும் மாற்றி எழுதச் சொன்னார். தலைவர் அவருடைய முன்னறிவைப் பாராட்டினார். எனினும் அவர் நேர்மையற்றவர் என்ற பெயரை நற்செய்தியாளர் மாற்றவில்லை. ஏனெனில், குறைக்கப்பட்ட கடன் அவருடையது அன்று. முப்பத்தெட்டு பேரின் மணிக்கணக்கும் அந்தப் பெண்ணுடையது அன்று, முதலாளியுடையதும் அன்று. அதை மறந்துவிடுவதா, விட்டுக்கொடுப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை உழைத்தவருக்கே உரியது. அவர் விட்டுக்கொடுக்க வேண்டுமானால், இழப்பு நேர்ந்தது என்று அவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இழப்பை முழுமையாக ஈடுசெய்ய இயலாதபோது என்ன செய்வது? பிறருக்கு உரியதைத் திருப்பித் தருவதைப் பற்றி ஆராய்ந்த புனித தோமா அக்குவினார், சரிநிகராக ஈடுசெய்ய முடியாத இடத்தில், இயன்ற அளவு செய்தல் போதும் என்று கற்பித்தார். இது நமக்குப் பெரிய ஆறுதல். இயலாததை நம்மிடம் யாரும் கேட்கவில்லை; இயன்றதைச் செய்யாதிருக்கும் உரிமையை மட்டும் தரவில்லை.

அவ்விரவு நாம் அந்தப் பெண்ணிடம் சொன்னது சிலவே. “அம்மா, இனி அந்தக் கணினியைத் தொடாதே. நாளைக் காலை முதல் வேலையாக முதலாளியிடம் சொல்லிவிடு. பிறகு தேடுவோம்.” அவள் தந்தை நெடுநேரம் பேசாதிருந்தார். இறுதியில், “வேலை போனால் போகட்டும்” என்றார். அது சொல்வதற்கு எளிய சொல் அன்று. அக்குடும்பத்தில் மாதந்தோறும் வரும் வருமானம் அவள் கூலி ஒன்றே என்பதை நாம் அறிவோம்.

மறுநாள் முதலாளி முதலில் சினந்தார். பின்பு அவருக்கே நினைவு வந்தது: மாதத்தின் பதினெட்டாம் நாள் அவர் கேட்டதற்கிணங்க, அவள் அக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். பதினெட்டு நாள்களின் கணக்கு மூலத்தின் படியாகவே கிடைத்தது. எஞ்சியவை பன்னிரண்டு நாள்கள்; நானூற்று ஐம்பத்தாறு கட்டங்கள். வாயிற்காவலரின் கைப்பதிவேட்டில் உள்ளே வந்த நேரமும் வெளியே சென்ற நேரமும் இருந்தன. ஆனால் வெளியேறிய நேரமெல்லாம் வேலை நேரம் ஆகாது. பேருந்துக்காகக் காத்திருப்போரும் உண்டு. எனவே ஒவ்வொரு தொழிலாளியையும் தனியே அழைத்து, அவரவர் வரிசையைக் காட்டி, அவரவர் மொழியில் கேட்டனர். மீட்டவை கறுப்பிலும், கேட்டு எழுதியவை நீலத்திலும் பதிவாயின. எதனாலும் உறுதி செய்ய இயலாத பதினேழு கட்டங்களில், ‘தொழிலாளியின் கூற்றுப்படி’ என்று குறிப்பு எழுதி, அவர்கள் சொன்னபடியே கூலி கொடுத்தனர். கூலி ஒரு நாள் தாமதமாயிற்று. அவள் வேலை போகவில்லை. போயிருந்தாலும் அவள் செய்தது சரியே என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உண்மை சொன்னவர் எப்போதும் தப்பிவிடுகிறார் என்று நாம் யாருக்கும் உறுதி கூற இயலாது.

அந்த விசாரணையில், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் தம் வரிசையைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் விரலை வைத்தாராம். அந்நாளில் அவருக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக எழுதப்பட்டிருந்தது. அன்று தமக்குக் காய்ச்சல் என்றும், வாயிலருகே படுத்திருந்துவிட்டு நண்பர்களோடு அறைக்குச் சென்றதாகவும் அவர் சொன்னார். அந்த இரண்டு மணி நேரம் நீக்கப்பட்டது. அழிக்கவில்லை, கோடிட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதினார்கள்.

பொறுப்பு அந்தப் பெண்ணோடு முடிவதில்லை. முப்பத்தெட்டு குடும்பங்களின் உணவை ஒரே கோப்பில், ஒரே கணினியில், ஒரே ஆளின் விரல்நுனியில் வைத்தவர் அவள் அல்லள். களைத்த விரல் தவறும் என்பது எவரும் அறிந்ததே. அது தவறினாலும் பிறர் கெடாதபடி ஏற்பாடு செய்வது நிருவகிப்போர் கடமை. இப்போது அப்பட்டறையில் ஒவ்வொரு மாதத்துக்கும் தனிக்கோப்பு. வாரந்தோறும் ஒரு படி வேறிடத்துக்குச் செல்கிறது. வார இறுதியில் அச்சிட்ட தாள் சுவரில் ஒட்டப்படுகிறது. தொழிலாளர்கள் போகிற போக்கில் தங்கள் பெயருக்கு நேரே உள்ள எண்களைப் படிக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் எண்கள் தெரியும்.

நம் இல்லங்களிலும் பங்குகளிலும் சங்கங்களிலும் கணக்கு எழுதுவோர் நம்மில் பலர். அன்பியத்தின் சேமிப்பு ஏடு, கல்லறைத் தோட்டத்தின் பதிவு, இறந்த உடன்பிறப்பின் சொத்துப் பங்கீடு, வளர்ந்த பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் நம் இளமைக் கதை என எத்தனையோ ஏடுகள் நம் கையில் உள்ளன. அவற்றில் ஏதேனும் ஒன்றில் நம் கை தவறிய இடம் ஒன்று இருக்கலாம். அதன்மேல் நாம் ஒழுங்காக, அழகாக எழுதி நிரப்பிய எண்களும் இருக்கலாம். அவ்விடம் எதுவென்று நமக்குத் தெரியும். அந்த வரிசைக்கு உரியவர் இன்னும் உயிரோடிருக்கிறாரா? இருந்தால், அவரை அழைத்து அவருடைய வரிசையைக் காட்ட இன்னும் காலம் இருக்கிறது.